பள்ளிபாளையத்தில் நின்ற முத்துப்பேச்சி

கம்பெனிக்காரன் சர்வரை அணைத்த அந்த வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, நீலத்தீவு என்ற கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் பதினேழு வருஷமாகக் குடியிருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து, கடைசியாகத் தங்களுடைய பாஸ்வேர்டு எந்த வீட்டில் அடிக்கப்பட்டதோ அந்த வீட்டு வாசலைத் தேடிப் போய் நின்றார்கள். புளியங்குடிக்கு நாலு பேர் வந்தார்கள். ஒருத்தன் இரும்புச் சட்டை போட்டிருந்தான், ஒருத்திக்கு முதுகில் இறக்கை இருந்தது, ஒருத்தன் கையில் தூண்டில், நாலாவது ஆளுக்கு நரித்தலை. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு முழ உயரத்தில் பெயர் வெள்ளை எழுத்தில் தொங்கியது; எந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாலும் அந்தப் பெயர் பார்க்கிறவரைப் பார்த்தே திரும்பியிருந்தது.

முதல் நாள் கூட்டம் கூடியது. இரண்டாம் நாள் போலீஸ் வந்து தலைக்கு மேல் இருந்ததை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் தாலுகா ஆபீஸிலிருந்து வந்தவர், இவர்களுக்கு ஆதார் உண்டா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் அப்படியானால் எங்கள் ஆபீஸுக்குச் சம்பந்தமில்லை என்று நிம்மதியாகக் கிளம்பினார். நாலாம் நாளிலிருந்து ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. வந்தவர்களுக்கு ‘நிக்கிறவுக’ என்று பெயர் விழுந்தது. அவர்களுக்குத் தெரிந்தது எட்டே காரியம்: வணக்கம் வைப்பார்கள், கை தட்டுவார்கள், கை அசைப்பார்கள், தலையாட்டுவார்கள், உட்காருவார்கள், ஆடுவார்கள், சத்தமில்லாமல் அழுவார்கள், சத்தமில்லாமல் சிரிப்பார்கள். சோறு தண்ணி கேட்பதில்லை, வாய் திறப்பதில்லை, யார் வணக்கம் வைத்தாலும் பதில் வணக்கம் வைத்தார்கள் என்பதால் ஊரிலேயே மரியாதை தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்று நல்ல பெயரும் வாங்கிவிட்டார்கள்.

கம்பெனியிடமிருந்து ஒரே ஒரு மெயில் வந்தது. சர்வர் அணைந்த பிறகு நடப்பவற்றுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்றும், கதாபாத்திரங்கள் எந்நாளும் நிறுவனத்தின் சொத்தே என்றும், ஆனால் அவர்களைப் பராமரிக்கும் கடமை நிறுவனத்துக்கு இல்லை என்றும், புதிதாக வரப்போகும் செல்போன் விளையாட்டை எல்லோரும் ஆதரிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. விளையாடியவர்களின் குழுவில் அதைப் படித்துவிட்டு வைத வசவுகளை இங்கே எழுத முடியாது. முதலில் அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்கள் விளையாட்டுப் பிரியர்கள்; அவர்களை வாங்கிய பெரிய கம்பெனிக்கு விளையாட்டென்றால் தொப்பியும் இறக்கையும் விற்கிற கடை; அந்தக் கடையையும் வாங்கிய மூன்றாவது கம்பெனிக்கு இப்படி ஒரு தீவு தன்னிடம் இருப்பதே ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது என்று ஒருவர் எழுதினார். பழைய நாள்போல வருமா என்று பாதிப்பேரும், நீங்கள் காசு கொடுத்துத் தொப்பி வாங்காததால்தான் மூடினான் என்று மீதிப்பேரும் சண்டை போட்டார்கள். சண்டை நடந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அவரவர் முதுகுக்குப் பின்னால் அவரவர் ஆள் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தது.

முத்துப்பேச்சி முதல் ஒன்பது நாளும் காலையிலேயே வாசல் தெளித்துக் கதவைத் திறந்து போட்டுக் காத்திருந்தாள். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை அவளுக்கு. நாற்பத்து மூன்று வயது. அம்மா அப்பா போன பிறகு ஒன்பது வயது இளையவனான தம்பி பொன்னிருளை அவள்தான் வளர்த்தாள். அவன் இந்த நீலத்தீவே கதியென்று கிடந்தவன். புளியங்குடி பிரௌசிங் சென்டரில் பெட்டி மாதிரி இருந்த கம்ப்யூட்டரில் ஆரம்பித்து, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போய், அங்கே தவணையில் லேப்டாப் வாங்கி, உறக்கமில்லாமல் விளையாடி, டெங்குக் காய்ச்சலோடு ஊர் திரும்பி, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்து, இருபத்து நாலாம் வயதில் போய்ச் சேர்ந்தான். அது ஆயிற்று பத்து வருஷம்.

ஐந்தாம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது, “யக்கா, ஃபோன ஒரு நிமிசம் தா. அங்க காத்துக் கிடப்பாவ, ஒரு வார்த்த சொல்லிட்டுத் தாரேன்” என்று கேட்டான். அந்த விளையாட்டுதான் அவனை இந்தக் கட்டிலுக்குக் கொண்டுவந்தது என்று கொதித்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சி, “அந்தச் சனியன இனி நீ தொடவே கூடாது” என்று ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். மறுநாள் அவன் இல்லை. தன்னை மன்னிக்க முடியாமல் அவள் பத்து வருஷம் சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், உறங்கினாள். காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, பீரோவில் பூட்டியிருந்த ஃபோனை ஒரு தடவை திறந்தபோது, ‘அக்கா எங்க இருக்கீங்க’, ‘அக்கா விளக்கு அணையப் போகுது’ என்று வரிசையாகக் குறுஞ்செய்திகள் கிடந்தன. யாரோ ஒரு பெண்ணைத் தேடி யாரோ அனுப்பியது என்று நினைத்து, மறுபடி அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பதில் போடவில்லை.

இறந்துபோனவர்களுக்கும் ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டுத்தான் அவள் வாசலில் நின்றது. தூண்டில்காரன் வந்து நின்றது, மூன்று வருஷம் முன்பு இறந்துபோன எல்.ஐ.சி. ஏஜென்ட் ஒருவரின் வீட்டில். அவர் மனைவி நாற்காலி போட்டு உட்காரவைத்து, பக்கத்தில் அமர்ந்து பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் வீட்டுவரி ஆள் வந்து ஐயா எங்கே என்று கேட்க, அந்த அம்மாள் பழக்க தோஷத்தில், “அவுக தவறி மூணு வருசமாச்சே” என்றார். தூண்டில்காரன் அதைக் கேட்டான். ஒரு தடவை கை அசைத்தான். அப்புறம் நாற்காலி மட்டும் இருந்தது.

மற்ற ஊர்களிலும் அப்படியே நடந்ததாகக் குழுவில் தகவல் வந்தது. ஆளின் முன்னால் சாவைச் சொன்னால் ஆள் போய்விடும். வாயால் சொன்னாலும் சரி, எழுதிக் காட்டினாலும் சரி. அன்றிலிருந்து அப்படி ஆள் வந்த வீடுகள் இருந்த தெருக்களில், இறந்தவரைப் பற்றி யார் கேட்டாலும், வெளியூர் போயிருக்காக என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். திவசத்துக்கு வந்த ஐயர்கூட, வெளியூரில் இருப்பவருக்காக என்று சொல்லிப் பிண்டம் வைத்தார்.

முத்துப்பேச்சியின் வாசலுக்கு மட்டும் யாரும் வரவில்லை.

பத்தாம் நாள், இறக்கைக்காரியாக விளையாடிய செண்பகவல்லி டீச்சர் ஆய்வகத்துக்கு வந்து காரணம் சொன்னாள். நீலத்தீவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு விளக்கு எரியும். முப்பது நாள் ஒருத்தர் உள்ளே வராவிட்டால் விளக்கு அணையும். கம்பெனி வீட்டை இடித்து மனையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். அதனால் கூட்டாளிகள் தங்களுக்குள் பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொண்டு, பரீட்சையோ பிரசவமோ வேலை மாற்றமோ வந்து ஒருத்தர் வரமுடியாதபோது, அவர் பெயரில் உள்ளே போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வருவார்கள். அதற்கு விளக்கு வைப்பது என்று பெயர். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதே என்று கம்பெனி ஆயிரம் தடவை எச்சரித்தும் கேட்காத அந்த ஜனங்கள் இப்போது அனுபவித்தார்கள். சேலத்துக்காரர் ஆள் நாகர்கோவிலில் நின்றது, மாமனாரை விளக்கு வைக்கச் சொன்னவனின் ஆள் மாமனாரோடு நடைப்பயிற்சிக்குப் போனது. கூட்டிவரலாம் என்றால், கடைசியாகப் பாஸ்வேர்டு அடித்தவரை விட்டு ஆறடி நகர மாட்டேன் என்றது.

“உங்க தம்பிக்கும் யாரோ வெளக்கு வச்சுருக்காங்க” என்று செண்பகவல்லி டீச்சர் ஃபோனை நீட்டினாள். “ஆனா இதப் பாருங்க.”

குழுவில் ஒரு படமும் நாலு வரியும் இருந்தன. ‘அக்கா, உங்க ஆளு எங்க ஊட்டு வாசல்ல நிக்குது. எங்கிருந்தாலும் ஒருக்கா வாங்க. சென்னியப்பன், செல்போன் சர்வீஸ், பள்ளிபாளையம்.’ படத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் நின்றாள். இருபத்தைந்து வயதில் முத்துப்பேச்சி எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள். அதே நெற்றி, அதே இறுக்கின பின்னல். தலைக்கு மேலே முத்துப்பேச்சி என்று இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. இடது முன்கையில் தழும்பு. நாலு வயசில் பொன்னிருள் இழுத்துக் கவிழ்த்த கஞ்சிப் பானையின் தழும்பு அது. கம்பெனி விற்ற சாமான்களில் தழும்பும் ஒன்று; சண்டைக்காரர்கள் வாள்வெட்டு மாதிரி முகத்தில் ஒட்டிக்கொள்ள வாங்குவார்கள். அவன் அதை வாங்கி அக்காவின் முன்கையில் ஒட்டியிருந்தான்.

ஏழு வருஷம் அவன் அவளாகத்தான் அங்கே நடமாடியிருக்கிறான். முத்துப்பேச்சிக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் பிப்பெட் கழுவுகிற தொட்டி அருகே நின்று அழுதாள். மறுநாளுக்கு லீவு போட்டு, அன்றிரவே மதுரை வழியாக ஈரோட்டுக்குப் பஸ் ஏறினாள்.

காவிரிப் பாலத்தைத் தாண்டி விசைத்தறிச் சத்தத்துக்குள் இறங்கியபோது பகல் பதினொன்று. தெருவில் யாரும் அவளைப் புதிதாகப் பார்க்கவில்லை. தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண், “ஏனுங்க்கா, சென்னியப்பன உட்டுப்போட்டுத் தனியா நடந்து வர்றீங்” என்று கேட்டுவிட்டு, அவள் தலைக்கு மேலே அண்ணாந்து தேடினாள். “பேரு எங்கீங்க? பேரக் காணம்?” முத்துப்பேச்சி தன்னையறியாமல் உச்சியைத் தடவிப் பார்த்தாள். இன்னொரு பெண் கிட்ட வந்து அவள் கன்னச் சதையையும் நரைத்த வகிட்டையும் பார்த்து, “அடி, இது வளந்த அக்கா” என்றாள்.

அந்தத் தெருவுக்குப் பச்சைச் சேலைக்காரி பழகிப்போனவள். அக்கா நிற்கிற வீட்டுக்கு எதிர்ச்சந்து என்றுதான் கூரியர்காரனுக்கு வழி சொன்னார்கள். காலையில் கோலம் போடுகிறவர்கள் அவள் காலைச் சுற்றி வளைத்துப் போட்டார்கள். சென்னியப்பனின் சொந்த ஆள் வேறொரு கூட்டாளியின் ஊரில் நிற்க, அவன் கடைக்குப் போனால் அவளும் போய்க் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றாள்; உடைந்த ஃபோனைக் கொண்டுவந்தவர்கள், அக்கா தலையாட்டினால்தான் சரியாகும் என்று நம்ப ஆரம்பித்திருந்தார்கள். அவன் மனைவி கோகிலவாணி முதல் இரண்டு நாள் படுக்கையறைக்குள் இந்தப் பெண் எதற்கு என்று சண்டை போட்டு, மூன்றாம் நாள் கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, ஐந்தாம் நாளிலிருந்து வெங்காயம் உரித்தபடி மாமியாரைப் பற்றி அவளிடம் குறை சொல்லத் தொடங்கியிருந்தாள்.

சென்னியப்பன் வாசலுக்கு வந்தான். முப்பத்துநாலு வயது, கையில் ஸ்க்ரூ டிரைவர். அவனுக்குப் பின்னால் பச்சைச் சேலை.

“அக்கா” என்றான். “வந்துட்டீங்ளா?”

பச்சைச் சேலைக்காரி வணக்கம் வைத்தாள். முத்துப்பேச்சியும் வைத்தாள். தன் முகமே தன்னைப் பார்த்துக் கும்பிடுவதைக் கண்டு ஓரடி பின்வாங்கினாள்.

நாற்காலி வந்தது, மோர் வந்தது. அவன் தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். அவன் யாருடன் பேசுவதாக நினைத்தான் என்பது முதல் வார்த்தையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“நான் ப்ளஸ் டூ ரெண்டு தடவ பெயிலாயி, சாயப் பட்டறைல நின்னுட்டிருந்தப்ப ஊட்ல ஒருத்தரும் எங்கூடப் பேச மாட்டாங்க. ஆத்துல குதிச்சரலாம்னுகூட நெனச்சிருக்கேன். நீங்கதான் தெனமும் கேப்பீங்க. சாப்ட்டியா, தலய நல்லாத் துவட்டு, ஈரத் துணியக் கட்டில்ல போடாத, நகத்தக் கடிக்காதம்பீங்க. நான் எதுத்தாப்ல இருந்து நகத்தக் கடிக்கறது இவங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு கைய எடுத்துருவேன்.” அவன் விரல்களை விரித்துக் காட்டினான். “பாருங்க்கா, உட்டுட்டேன்.”

நகத்தைக் கடிக்காதே என்று அவள் பொன்னிருளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காத மாதிரி இருந்து ஒவ்வொன்றையும் சேர்த்துவைத்து, முகம் தெரியாத ஒரு பையனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான்.

“பத்து வருசமா முப்பது நாளைக்கு ஒருக்கா வெளக்கு வெப்பாருங்க” என்றாள் கோகிலவாணி. “எங்க கல்யாணத்தன்னிக்கு மாலையோட போயி வெச்சாரு. அவங்க வந்தா ஊடு இருக்கோணும்பாரு.”

சென்னியப்பன் தலை குனிந்துகொண்டான். “கடைசியா நான் சொன்ன வார்த்தைக்குத்தான் போயிட்டீங்ளாக்கா? அது நீங்கதான்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது. அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க.”

என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியாது. கேட்டால் தான் அக்கா இல்லை என்று தெரிந்துவிடும். கோவமெல்லாம் இல்ல தம்பி, வேலையா இருந்துட்டேன் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. சொன்னால் இவன் மனசு ஆறும், பச்சைச் சேலை இங்கேயே நிற்கும், லீவு நாளில் வந்து பார்த்துக்கொள்ளலாம். பொன்னிருள் கையால் செய்ததென்று உலகத்தில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் இதுவும் போய்விடும். இரண்டாம் தடவை அவனைப் பறிகொடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

இவனைத் தனியே கூட்டிப்போய்ச் சொல்லலாமா என்று எழுந்து தெருமுனைவரை நடந்து பார்த்தாள். அவன் கூடவே வந்தான். ஆறடி பின்னால் அதுவும் வந்தது.

திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தாள். கோகிலவாணி பரிமாறிக்கொண்டே, “நீங்க இல்லீன்னா இந்த மனுசன் இல்லீங்க” என்றாள். வாசலில் நின்ற தெருப்பெண்கள் ஆமாம் என்றார்கள். ஒருத்தி முத்துப்பேச்சியின் காலைத் தொட்டுக் கும்பிட வந்தாள். அப்போதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இவர்களில் ஒருத்தருக்குக்கூட பொன்னிருள் என்று ஒருவன் இருந்தது தெரியாது. அவன் செய்த நல்லதெல்லாம் அவள் பெயரில் கிடக்கிறது. ஃபோனைப் பிடுங்கியவள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

கை கழுவிவிட்டு வந்து பச்சைச் சேலைக்காரி எதிரே நின்றாள். தொட்டுப் பார்த்தாள், பாத்திரத்தைத் தொட்ட மாதிரி இருந்தது. தழும்பின் மேல் தன் தழும்பை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அதன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

“தம்பி, நான் சொல்லுததக் கேளுங்க. உங்ககிட்ட சாப்ட்டியான்னு கேட்டது நான் இல்ல. என் தம்பி. அவன் பேரு பொன்னிருள். எம் பேரையும் முகத்தையும் வச்சு அவன்தான் வெளையாடுனான். அவன் செத்துப் பத்து வருசமாச்சு.”

பச்சைச் சேலைக்காரி தலையாட்டினாள், ஆமாம் என்கிற மாதிரி. அப்புறம் அந்த இடத்தில் சுவரும், சுவரில் மாட்டிய காலண்டரும் தெரிந்தன. “போயிருச்சு” என்று யாரோ சொன்னார்கள். முத்துப்பேச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தம்போட்டு அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழுததில்லை.

அழுகை அடங்கியதும் சென்னியப்பன், “எப்பங்க்கா?” என்று கேட்டான்.

“தீவாளிக்குப் பதினோரு நாள் முந்தி. டெங்கு. அந்த வருசம் நாங்க தீவாளி கொண்டாடல.”

அவன் விரல்விட்டு எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

“இல்லீங்க்கா. தீவாளியன்னிக்குக் காலைல பத்து மணிக்கு அக்கா ஆன்லைன் வந்தாங்க.”

“வந்துருக்க முடியாது. ஃபோனும் லேப்டாப்பும் பீரோவுல பூட்டிக் கெடக்கு. சாவி எங்கிட்ட இருக்கு.”

“வந்தாங்க்கா. அந்தச் சண்டையே அன்னிக்குத்தான்.” அவன் சுவரைப் பார்த்தபடி ஒப்பித்தான், பத்து வருஷமாகத் தினமும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தவனுக்கு ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. “‘எனக்கு இப்ப ஒண்ணுமில்ல. ஃபோன எங்க அக்கா வாங்கி வச்சுக்கிட்டா, அதான் முன்னாடியே சொல்ல முடியல. அவமேல எனக்குக் கோவம் இல்ல.’ இப்படித்தான் அடிச்சுது. எனக்கு ஒண்ணும் புரியல. அக்காளுக்கு ஏது அக்கா? தனக்கு ஒரே தம்பிதான்னு சொல்லியிருக்காங்களே. எங்க ஆறு பேருக்குமே பாஸ்வேர்டு தெரியும். எவனோ அக்கா பேர்ல பூந்து வெளையாடறான்னு நெனச்சுப்போட்டு...” அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். “‘யார்ரா நீ, அக்கா பேர்ல வராத, வெளிய போடா’ன்னு அடிச்சேன். ஒடனே போயிருச்சு. அப்பறம் வரவேயில்லீங்க்கா.”

பூட்டிய பீரோவுக்குள்ளிருந்து அவன் எப்படி வந்தான் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவமேல எனக்குக் கோவம் இல்ல என்பதை முத்துப்பேச்சி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். பத்து வருஷமாகச் சுமந்ததை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்ல வந்தவர வெளிய போடான்னு சொல்லிப்போட்டேனே” என்றான் சென்னியப்பன்.

“நானும் வெரட்டத்தான் செஞ்சேன்” என்றாள் முத்துப்பேச்சி.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனான். வெயில் காய்ந்த வெறும் தெருவைப் பார்த்து நின்றான். பத்து வருஷம் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிய வாய், புதுப் பெயரை ஒரு தடவை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது.

“பொன்னிருளண்ணா” என்று கூப்பிட்டான். “உள்ள வாங்கண்ணா.”

வாசலை அடைத்து நின்ற பெண்கள் சேலையைச் சுருக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.